விலைக்கு இன்பாக்ஸ் பாருங்கள்

அரசாங்கப் பதிவேட்டின்படி தஹானியின் அப்பா தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. மஹல்லா நகரத்துத் தனியார் தறிக்கூடங்களில் முப்பத்தெட்டு வருஷம் நின்று, காது மந்தமாகி, நெஞ்சில் பஞ்சு அடைத்துச் செத்துப்போன மனிதர் அவர். எந்த முதலாளியும் அவரை இன்சூரன்ஸில் பதியவில்லை. எனவே இப்படி ஒரு தொழிலாளி இருந்ததே இல்லை என்று ஓய்வூதிய அலுவலகக் கணினி சொல்லிவிட்டது. அம்மா கறுப்பு அங்கியோடு அந்த ஜன்னல் முன்னால் நின்று, "அப்போ தினம் காலையில வீட்ட விட்டுப் போனவரு யாரு?" என்று கேட்டாள். உள்ளே இருந்தவர் தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது தஹானிக்கு இருபத்தாறு வயது. தாந்தா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியிருந்தாள். வரலாறு படித்தவர்களுக்கு எகிப்தில் வேலை கிடைப்பது அபூர்வம் என்பதை வரலாறே அவளுக்குக் கற்றுத் தந்திருந்தது. ஆகவே 'மணமகள் இல்லம்' என்ற கடையில் சேர்ந்தாள். கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் படுக்கை விரிப்பு, போர்வை, டஜன் கணக்கில் துண்டுகள் விற்கும் கடை. முகநூலில் கடைக்கு ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்வதுதான் தஹானியின் வேலை.

எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதிலில் பெரும்பகுதி ஒரே வாக்கியம்: "விலைக்கு இன்பாக்ஸ் பாருங்கள்."

மஹல்லாவில் எந்தப் பக்கமும் விலையை வெளியில் எழுதாது. பொருளின் படம் இருக்கும், பூ இருக்கும், இறைவனின் அருள் வேண்டும் என்ற வாசகம் இருக்கும், விலை மட்டும் இருக்காது. படத்தின் கீழே முந்நூறு பெண்கள் வரிசையாக வந்து "எவ்வளவு?", "எவ்வளவு?" என்று கேட்பார்கள். முந்நூறு பேருக்கும் தனித்தனியாக, காதோடு காது வைத்ததுபோல் விலை சொல்லப்படும். கண் பட்டுவிடும் என்பது ஒரு காரணம். எதிர்க்கடைக்காரன் ஐம்பது பவுண்ட் குறைத்துவிடுவான் என்பது இன்னொன்று. உண்மையான காரணம், தஹானி வேலையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி ஹாஜி பஸ்யூனி சொன்னதுதான்.

"கேக்கறவ புரொஃபைல் படத்தப் பாரு பொண்ணே. பூவும் துஆ வாசகமும் வெச்சிருந்தா கிராமத்துக்காரி, எண்ணூத்தம்பது சொல்லு. புள்ள படம் வெச்சிருந்தா ஆயிரம். கடலு, காரு, குவைத்துன்னு ஏதாவது கண்ணுல பட்டா ஆயிரத்து இருநூறு."

"ஒரே விரிப்புதானே ஹாஜி?"

"விரிப்பு ஒண்ணுதான். அதுல படுக்கறவங்க ஒண்ணா?"

தஹானி சமத்துவம் பற்றி நிறையப் படித்தவள். பிரெஞ்சுப் புரட்சியின் தேதிகளை இன்றும் வரிசையாகச் சொல்வாள். ஆனாலும் எட்டு வருஷமாக அவள் விரல்கள்தான் அந்த மூன்று விலைகளையும் தட்டின. தட்டித் தட்டி வலது மணிக்கட்டு வீங்கியது. மருத்துவரிடம் போனால் இன்சூரன்ஸ் அட்டை கேட்டார்கள். அட்டை இல்லை, ஏனென்றால் ஹாஜியும் அவளைப் பதியவில்லை. ஒரு நாள் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: அரசாங்கக் கணக்கில் அவளும் இன்னும் வேலைக்கே போகவில்லை. அப்பாவாவது முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்யாமல் இருந்தார். இவள் இப்போதுதான் எட்டு.

அந்த வாரம் ஒரு பள்ளி நோட்டில் நான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதினாள். தலைப்பு: 'மணமகள் இல்லம், சமூக ஊடகத் திட்டம்.' படத்தின் கீழே விலையை எழுதுவது. எல்லோருக்கும் ஒரே விலை. துருக்கிக் கம்பெனிப் பட்டியலிலிருந்து திருடிய படங்களை எடுத்துவிட்டு நம் கடைச் சரக்கையே படம் பிடிப்பது. வியாழக்கிழமை தோறும் முதலாளியே நேரலையில் வந்து துணியைக் காட்டுவது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், பக்கத்தை நடத்தும் ஊழியரை இன்சூரன்ஸில் பதிவது.

ஹாஜி பஸ்யூனி மூக்குக் கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், நோட்டைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது நேரலை என்ற சொல் ஒன்றுதான்.

"நேரலை நல்லா இருக்கு. நான் வெள்ளை கலாபியா அங்கி போட்டுக்கறேன். மத்தது வேணாம்."

"விலை எழுதறத ஒரு வாரம், ஒரே ஒரு பொருளுக்குச் செஞ்சு பாக்கலாம் ஹாஜி."

"செஞ்சு பாரு. நீயே திரும்பி வருவ."

துண்டு செட் ஒன்றின் கீழே தஹானி பெரிய எழுத்தில் எழுதினாள்: தொள்ளாயிரம் பவுண்ட். கீழே யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்பாக்ஸில் மட்டும் வெள்ளம் வந்தது.

"வெளியில தொள்ளாயிரம்னு போட்டிருக்கீங்க. சரி. நிஜ விலை என்ன?"

"நிஜ விலையே அதுதாம்மா."

"அது மத்தவங்களுக்கு. எனக்கு எவ்வளவு அட்மின் சார்?"

பக்கத்தின் பின்னால் இருப்பது ஆண் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவ்வளவு பொறுமையாகப் பதில் வந்தும் அப்படி நினைத்தார்கள். இன்னொருத்தி எழுதினாள்: "விலைய வெளியில போடறாங்கன்னா துணியில ஏதோ கோளாறு இருக்கு." இரண்டு தலைமுறையாகக் காதில் மட்டுமே விலை கேட்டுப் பழகிய ஊர் அது. பகலில் சொன்ன உண்மையை எப்படி நம்பும்? வாரக் கடைசியில் தஹானியின் மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"சொன்னேனா இல்லியா?" என்றார் ஹாஜி.

சரக்குக் கட்டும் ஃபிக்ரி அண்ணன் கயிற்றைப் பல்லால் இழுத்துக்கொண்டே, "அந்தக் கடைசி வரிய ஹாஜி படிக்கவே இல்லியேம்மா" என்றார்.

"என்ன கடைசி வரி?" என்று ஹாஜி கேட்டார்.

தஹானி படித்துக் காட்டினாள். கடையில் அப்போது இரண்டு தாய்மார்கள் போர்வையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் முன்னால் கஞ்சன் என்று பெயர் எடுக்க ஹாஜிக்கு மனமில்லை. நெஞ்சில் கை வைத்தார்.

"இப்ப பக்கத்துல எத்தனை பேரு?"

"அறுபத்தோராயிரம்."

"லட்சம் ஆகட்டும். லட்சம் ஆன அன்னைக்கு உன்னப் பதியலேன்னா என் பொண்டாட்டி எனக்குத் தலாக்!"

தாய்மார்கள் "அல்லாஹு அக்பர்" என்றார்கள். இந்த ஊர் ஆண்களுக்கு இந்தச் சபதம் இருமல் மாதிரி. கபாபுக்கு நான்தான் காசு கொடுப்பேன், இல்லையென்றால் தலாக். இந்த இருக்கையில் நீதான் உட்கார வேண்டும், இல்லையென்றால் தலாக். வீட்டில் பூண்டு இடித்துக்கொண்டிருக்கும் மனைவிக்கு, தான் ஒரு பேருந்து இருக்கைக்காகப் பந்தயத்தில் வைக்கப்பட்டது தெரியவே தெரியாது. தஹானிக்கு அந்தச் சபதத்தைக் கேட்டாலே உடம்பு எரியும். அன்று எரியவில்லை. முப்பத்தொன்பதாயிரம் பேருக்கு எங்கே போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நேரலை. துணிக்கடைப் பொம்மையின் கழுத்தில் போனைக் கட்டி வைத்தார்கள். ஹாஜி வெள்ளை கலாபியாவில், அத்தர் மணக்க வந்து நின்றார். போனுக்கு மணம் தெரியாது என்று ஃபிக்ரி அண்ணன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

"இது பஞ்சு இல்ல சகோதரிகளே, பஞ்சோட ராணி!" என்று விரிப்பை உதறினார். கீழே "எவ்வளவு?", "எவ்வளவு?" என்று ஓடியது. மூலையில் உட்கார்ந்து தஹானி வழக்கம்போல் "இன்பாக்ஸ் பாருங்கள்" என்று தட்டினாள்.

பத்தாவது நிமிடம் ஒரு பெண் எழுதினாள்: "நானும் என் மருமகளாகப் போறவளோட அம்மாவும் ஒரே சோபாவுல உக்காந்திருக்கோம். ஒரே விரிப்பு. அவங்களுக்கு எண்ணூத்தம்பது, எனக்கு ஆயிரத்து இருநூறு. என் மூஞ்சியில பவுண்ட் அச்சடிச்சிருக்கா அட்மின் சார்?" கூடவே இரண்டு ஸ்கிரீன்ஷாட்.

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தன் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். எட்டு வருஷ விலைகள் வெளிச்சத்துக்கு வந்தன. அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. படத்தை மாற்றிக் கேட்டதால் ஒரே பெண்ணுக்கே இரண்டு. குவைத்திலிருந்து ஒருத்தி எழுதினாள்: "என் வீட்டுக்காரர் கார் பக்கத்துல நிக்கற படம் வெச்சிருந்தேன். அது அவர் முதலாளி கார். அவர் டிரைவர். அந்தக் காருக்காக என்கிட்ட முந்நூத்தம்பது கூட வாங்கியிருக்கீங்க."

தஹானியின் விரல்கள் நின்றுவிட்டன. அந்தப் பதிலைத் தட்டியது அவள்தான். அந்தக் கார் படம்கூட நினைவிருந்தது.

பார்க்கிறவர்கள் எண்ணிக்கை மட்டுமே ஹாஜிக்குத் தெரிந்தது. "மாஷா அல்லாஹ், பதினோராயிரம் பேரு!" என்று பூரித்தார். "என்ன சொல்றாங்க ஃபிக்ரி?"

ஃபிக்ரி அண்ணன் போனை எட்டிப் பார்த்தார். "உங்களப் பத்தித்தான் ஹாஜி."

"நல்லதா?"

"நிறைய."

ஹாஜி இன்னும் அகலமாகச் சிரித்து, விரிப்பைத் தோளில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தச் சுற்றைத்தான் ஊரெல்லாம் வெட்டி ஒட்டிப் பகிர்ந்தது. நான்கு நாளில் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் ஒரு லட்சத்து நாலாயிரம் ஆனார்கள்.

ஹாஜி இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, எல்லாப் படத்தின் கீழேயும் விலை எழுதச் சொன்னார். ஒரே விலை. 'ஒரே வீடு, ஒரே விலை' என்று பலகையும் எழுதி மாட்டினார். யோசனை யாருடையது என்று கேட்டவர்களிடம் முப்பது வருஷ அனுபவம் என்றார். இன்பாக்ஸில் மட்டும் அதே கேள்விதான் வந்துகொண்டிருந்தது: "சரி, நிஜ விலை என்ன?"

தஹானி அவர் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"லட்சம் தாண்டியாச்சு ஹாஜி."

"அவங்க என்னைய ஃபாலோ பண்ண வந்தவங்களா? என் ஜனாஸா ஊர்வலத்தப் பாக்க வந்தவங்க!"

"நீங்க சொன்னது எண்ணிக்கை. அவங்க உங்கள நேசிக்கணும்னு சொல்லல."

ஹாஜிக்கு வியர்த்தது. வேறு எதையும் விட்டுவிடலாம், தலாக் சபதம் சாதாரணமில்லை. நேரே மசூதிக்குப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் வெளிச்சம் இருந்தது. ஷேக் விசாரித்தாராம். விவாகரத்து நோக்கம் இல்லாமல் ஒரு பேச்சுக்குச் சொன்னது வெறும் சபதம்தானாம். பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டால் தீர்ந்துவிடுமாம். இன்சூரன்ஸ் என்றால் மாதாமாதம். சாப்பாடு என்றால் ஒரு வேளை. அவருடைய இறைவனுக்கு வியாபாரமும் தெரிந்திருந்தது.

மறுநாள் மதியம் கோழியும் சோறும் பத்துப் பெட்டிகளில் வந்தன. ஃபிக்ரி அண்ணன் தெருவில் ஒன்பது பேரைப் பிடித்தார். பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. ஹாஜி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பத்தாவது பெட்டியைத் தஹானியின் மேஜையில் வைத்தார்.

"சாப்புடு பொண்ணே. நீயும் ஏழைதானே."

தஹானி பெட்டியைப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் முதலாளி தன்னைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது. அதுவும் அவருடைய கடனைத் தீர்ப்பதற்காக.

"போட்டோ எடுத்தியா? பக்கத்துல போடு. நாலு நல்ல வார்த்தை எழுது. பேரு கெட்டுக் கெடக்கு."

"எழுதிட்டுப் படிச்சுக் காட்டட்டுமா ஹாஜி?"

"படிக்க வேணாம். லைக் வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அவள் பொய்யாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எழுதினாள்: "இப்பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் ஒரு லட்சம் ஆனால் ஊழியரை இன்சூரன்ஸில் பதிவதாகத் தம் மனைவி மீது தலாக் சபதம் செய்திருந்த ஹாஜி பஸ்யூனி, லட்சம் ஆனபின் பதிய இயலாததால், பரிகாரமாக இன்று பத்து ஏழைகளுக்கு உணவளித்தார். பத்தாவது ஏழை அதே ஊழியர். இறைவன் ஏற்றுக்கொள்வானாக."

"லைக் வருதா?"

"கொட்டுது ஹாஜி."

"பாத்தியா, நல்ல காரியத்துக்கு எப்பவும் மதிப்பு உண்டு" என்று ஹாஜி தேநீர் வரவழைத்தார்.

தேநீர் ஆறுவதற்குள் கடை வாசலில் ஒரு கறுப்பு அங்கி வந்து நின்றது. ஹாஜியின் மனைவி நஃபீஸா. கையில் போன், அதில் தாந்தாவிலிருக்கும் அக்கா அனுப்பியிருந்த அந்தப் பதிவின் படம்.

"முப்பத்தோரு வருஷம்" என்றாள். குரல் உயரவில்லை. "முப்பத்தோரு வருஷம் உனக்கு மொலோகியா கீரை கிண்டிப் போட்டிருக்கேன். நான் என்ன உன் கடைத் துண்டா பஸ்யூனி? ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்னு சபதத்துல சேத்து விக்கறதுக்கு?"

"ஷேக்குகிட்ட கேட்டுட்டேன் நஃபீஸா, ஒண்ணும் ஆகல..."

"உன் ஷேக்கு உன்கிட்ட சும்மா அத்தர் வாங்கிக்கறவரு." அவள் தஹானி பக்கம் திரும்பினாள். "நீ படிச்சவ. நீ சொல்லு. நான் இவருக்குப் பொண்டாட்டியா இல்லியா?"

கடையே தஹானியைப் பார்த்தது. ஃபிக்ரி அண்ணன் அவள் காலைத் தன் காலால் மிதித்தார். தெரியாது என்று சொல், போதும் என்று அந்த மிதிக்கு அர்த்தம். தெரியாது என்றாலே நஃபீஸா இந்த மனிதரை உலுக்கி எடுத்துவிடுவாள், அட்டை வந்துவிடும். ஆனால் தஹானிக்குத் தெரியும். சட்டம் 1929லேயே எழுதப்பட்டுவிட்டது. மிரட்டலுக்கும் உறுதிக்கும் சொல்கிற தலாக் செல்லாது. ஒரு பெண்ணின் பயத்தை வைத்துத் தன் உரிமையை வாங்கினால், கார் படம் பார்த்து விலை சொன்ன அதே விரல்தானே இதுவும்?

"நீங்க பொண்டாட்டிதான் ஹாஜியம்மா" என்றாள். "சட்டப்படி இந்தச் சபதம் செல்லாது. தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

ஹாஜி பெருமூச்சு விட்டார். "கேட்டியா? சட்டமே சொல்லுது!"

"எனக்கும் தெரியும்" என்றாள் நஃபீஸா. "என் தம்பி வக்கீலு. நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன் பொண்ணே." பிறகு கணவனிடம்: "செல்லாத சபதத்துக்கு என் பேரு எதுக்கு? நான் அந்த வீட்டுல தங்கறது ஹலாலான்னு என் அக்கா கேக்கறா. லட்சம் பேருக்கும் நான் சட்டம் படிச்சுக் காட்ட முடியாது. நான் தம்பி வீட்டுக்குப் போறேன். இந்தப் பொண்ணப் பதிஞ்சதும் வந்து கூப்புடு. அதுவரைக்கும் அந்தக் கோழிப்பெட்டி மிச்சம் இருந்தா நீ சாப்புடு."

தஹானியின் மேஜையில் பத்தாவது பெட்டி திறக்கப்படாமலே இருந்தது. அதை அவள் ஹாஜி பக்கம் நகர்த்தினாள்.

ஹாஜி நான்கு நாள் தாக்குப்பிடித்தார். முதல் நாள் தெருக்கடைக் கொஷரி, இரண்டாம் நாள் அவரை அவித்த ஃபூல், மூன்றாம் நாள் மறுபடியும் ஃபூல், நான்காம் நாள் வயிற்று மருந்து. ஐந்தாம் நாள் காலை நஃபீஸா கடை நாற்காலியில் நீதிபதிபோல் உட்கார்ந்திருக்க, ஹாஜி இரண்டு தாள்களைத் தஹானி முன்னால் வைத்தார்.

ஒன்று முதலாம் படிவம். இன்று முதல் இவர் என் ஊழியர் என்று முதலாளி அரசாங்கத்துக்குச் சொல்வது. அப்பா முப்பத்தெட்டு வருஷம் காணாத தாள். தஹானி அதில் கையெழுத்திட்டபோது மணிக்கட்டு வலித்தது. ஆனாலும் எழுத்து கோணவில்லை.

இன்னொன்று ஆறாம் படிவம். நானாகவே வேலையிலிருந்து விலகுகிறேன் என்று ஊழியர் சொல்வது. தேதி இடம் காலி.

"இதுலயும் ஒரு கையெழுத்து" என்றார் ஹாஜி, ஜன்னலைப் பார்த்தபடி. "சும்மா வழக்கத்துக்கு. எல்லாக் கடையிலயும் வாங்கறதுதான். ஃபிக்ரிகூடப் போட்டிருக்கான்."

உண்மைதான். வேலையில் சேரும் நாளிலேயே ராஜினாமாவையும் தேதியில்லாமல் வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொள்வது இந்த நாட்டு வழக்கம். பிடிக்காத அன்று முதலாளி தேதி போட்டுக்கொள்வார். ஃபிக்ரி அண்ணனின் தாள் பத்தொன்பது வருஷமாக அங்கே கிடந்தது. அதனால்தான் அவர் எல்லாவற்றையும் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டே சொல்வார்.

நஃபீஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் தஹானி பேனாவை எடுத்துவிட்டாள்.

"போடறேன் ஹாஜி. வழக்கம்னா வழக்கம்தானே."

கையெழுத்திட்டாள். பிறகு காலியாக இருந்த இடத்தில் நிதானமாக, யாரும் எண்ணைத் திருத்த முடியாதபடி எழுத்தாலும் எழுதினாள்: பதினேழு மார்ச், இரண்டாயிரத்து ஐம்பத்தைந்து.

ஹாஜி தாளைத் தூரத்தில் நீட்டிப் பிடித்தார். "இது என்ன நாளு?"

"என்னோட அறுபத்தஞ்சாவது பிறந்தநாளு. அன்னைக்கு நானே விலகிக்கறேன்."

"ஓய்வு வயசு அறுபதுதானே?"

"சட்டத்துல ஏத்திட்டாங்க ஹாஜி. நான் ஏத்தல."

நஃபீஸா சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். ஹாஜி அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். கிழித்தால் வழக்கம் போய்விடும், வைத்திருந்தால் இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் இவளுக்குச் சம்பளம். கடைசியில் இழுப்பறையைத் திறந்தார்.

ஃபிக்ரி அண்ணன் கயிற்றை வாயிலிருந்து எடுத்தார். மெதுவாக வந்து, அடியில் மஞ்சளித்துக் கிடந்த தன் தாளை உருவினார். யாரும் தடுக்கவில்லை. தடுக்கக்கூடிய ஒரே மனிதர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தஹானி, கண்ணு தெரியல. நீயே எழுதும்மா" என்றார். "நான் பொறந்தது மழைக்காலம்னு அம்மா சொல்லும். தேதி தெரியாது. நல்லா தூரமா ஒண்ணு போடு."